‘பிடி’ என்றுதான் சொன்னேன்

பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அத்தனை டாக்டர்களுக்கு நடுவில் ஒரே ஒரு எக்ஸ்ரே டெக்னீஷியன். பெரும்பாலும் பிறந்தநாள் வாழ்த்தும் கல்யாணப் பத்திரிகையும்தான் வரும். போன மாதம் அதில் ஒரு தம்பி கேட்டிருந்தார்: “சண்முகம் அண்ணா, இப்போ கம்ப்யூட்டரே படத்தப் பாத்து, கோளாறு இருக்கிற எடத்துல கட்டம் போட்டுக் குடுத்துடுது. நீங்களும் மேடமும் எங்கள நிக்க வெச்சு வெலா எலும்பு எண்ண வெச்சீங்களே, அதெல்லாம் இனிமே எதுக்குண்ணா?”

கேலியாகத்தான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது. கட்டைவிரலால் தட்டிப் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் மத்தூர். சேலத்தில் இரண்டு வருடம் படித்தேன், கிருஷ்ணகிரியில் ஒரு சின்ன எக்ஸ்ரே நிலையத்தில் சில வருடம் இருந்தேன். இருட்டறையில் மருந்துத் தொட்டிக்குள் பிலிமைக் கழுவிக் கழுவி விரலெல்லாம் நாறும். சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினாலும் என் மனைவி பிள்ளைகளுக்குச் சோறு ஊட்ட விடமாட்டாள். பிறகு ஓசூர்ப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும் வரை அங்கேதான்.

அங்கே எக்ஸ்ரே பிரிவின் தலைவர் டாக்டர் வசந்தா மேடம். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. மாணவர் எவ்வளவு தப்பாகச் சொன்னாலும் ‘தப்பு’ என்று சொல்லமாட்டார். “அப்புறம்?” என்பார். அந்த ‘அப்புறம்’ வந்தால் சொன்னது போதவில்லை என்று அர்த்தம். மூன்றாவது ‘அப்புறம்’ வருவதற்குள் நெற்றியில் வியர்த்துவிடும்.

படத்தை மாட்டியதும் யாரும் வாயைத் திறக்கக்கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். முதலில் பெயரையும் வயதையும் படிக்க வேண்டும். பிறகு வலது இடது குறி. ஆள் நேராக நின்றாரா, கோணலாக நின்றாரா. அதற்குப் பிறகு மூச்சு. நோயைப் பற்றிப் பேசுவது கடைசியில்தான். “ஆள விசாரிங்க, அப்புறம் நோய விசாரிக்கலாம்” என்பார்.

மூச்சை எப்படிப் படத்தில் பார்ப்பது என்று கேட்கலாம். முதுகுப் பக்கத்து விலா எலும்புகளை மேலிருந்து எண்ணிக்கொண்டே வர வேண்டும். நன்றாக இழுத்துப் பிடித்திருந்தால் நுரையீரலின் மேல் பத்து எண்ணலாம். ஒன்பது என்றாலும் பரவாயில்லை. ஏழோடு நின்றுவிட்டால் ஆள் மூச்சை விட்டுவிட்டார். விட்டால் நுரையீரலுக்குக் கீழே இருக்கும் சவ்வுத் தசை மேலே ஏறி இதயத்தைத் தள்ளும். நின்றால் ஒல்லியாகத் தெரிகிற ஆள் சம்மணம் போட்டால் அகலமாகத் தெரிவதில்லையா, அப்படி நல்ல இதயம்கூடப் பெரிதாகத் தெரியும்.

இந்த வகுப்புக்குள் டெக்னீஷியனான நான் நுழைந்ததற்குக் காரணம் ஒரு ஜடை. படத்தை மாட்டிவிட்டு வெளியே போவது மட்டும்தான் அதுவரை என் வேலை. ஒரு நாள் பள்ளிக்கூடப் பெண் ஒருத்தியின் படத்தைப் பார்த்து, முன்னால் நின்ற மாணவர் நுரையீரல் உச்சியில் டி.பி. என்று அடித்துச் சொன்னார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். மேடம் “அப்புறம்?” என்றார். ஒருவருக்கும் அப்புறம் தெரியவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. கதவருகில் நின்றபடி, “அது ஜடைங்க மேடம். மேல தூக்கிக் கட்டச் சொன்னேன், அவுந்து தோள்ல விழுந்துடுச்சி. வேற படம் எடுத்து வெச்சிருக்கேன்” என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. படத்துக்குப் பொருள் சொல்வது டாக்டர் வேலை, எடுப்பதுதான் நம் வேலை என்று எத்தனையோ பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். “சண்முகம், இனிமே கிளாஸ்ல நீங்களும் நிக்கணும். படத்துல தெரியறது இவங்க சொல்லட்டும். படத்துக்கு வெளிய நடந்தத நீங்க சொல்லுங்க” என்றார். அன்றைக்கு மாலை பஸ்ஸில் யாரோ இடித்துக்கூட நான் கோபப்படவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

சந்தோஷத்தோடு கொஞ்சம் திமிரும் ஏறியது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மேடத்துக்கு ஒரு குணம். நோயாளியை மரியாதை இல்லாமல் பேசினால் பிடிக்காது. நான் மத்தூர்க்காரன், தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று “மூச்ச இழு… புடி!” என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவேன். கத்திவிட்டு, நெஞ்சு தூக்கி நிற்கிறதா என்று கண்ணாடி வழியே பார்ப்பேன். நின்றால்தான் பட்டனை அழுத்துவேன். டிஜிட்டல் மெஷின் வந்தபோது கூடவே மைக்கும் ஒலிபெருக்கியும் வந்தன. அப்போது மேடம் சொன்னார்: “இழு, புடின்னு மாடு ஓட்டற மாதிரி சொல்லாதீங்க சண்முகம். இழுங்க, பிடிங்கன்னு அழகா சொல்லுங்க.” நியாயம்தானே. ஒரு அட்டையில் ‘இழுங்க – பிடிங்க – விடுங்க’ என்று எழுதி மைக்குக்கு மேலே ஒட்டிக்கொண்டேன்.

மைக்குக்கு ஒரு பட்டன், கதிருக்கு ஒரு பட்டன். ‘பிடிங்க’ என்று சொல்லி முடிப்பதற்குள் கை அதைவிட்டு இதற்குத் தாவிவிடும். அதற்குள் கம்பெனி வேன்கள் வேறு வரத் தொடங்கிவிட்டன. சூளகிரிப் பக்கம் புதுத் தொழிற்பேட்டைகளில் ஆள் எடுக்கிறார்கள். வேலைக்குச் சேரும் முன் நெஞ்சுப்படம் வேண்டும். காலையில் வேன் நின்றால் வராண்டா நிறைந்துவிடும். மைக் வந்த பிறகு நான் ஆளைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டேன். கண் கம்ப்யூட்டர் திரையிலேயே இருந்தது. அந்தச் சமயத்தில்தான் கட்டம் போடும் மென்பொருளும் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை. மாணவர்கள் ஆறு பேர், பெரிய திரையில் ஒரு பெண்ணின் படம். பெயர் மஞ்சுளா, வயது இருபத்தொன்று. இதயத்தைச் சுற்றிக் கம்ப்யூட்டர் சிவப்புக் கட்டம் போட்டிருந்தது. காலையிலேயே பரிசோதனை மேஜையில் இருந்த இளம் டாக்டர் அதைப் பார்த்து, ‘இதயம் பெரிதாக உள்ளது. தற்போது வேலைக்குத் தகுதி இல்லை. இதய மருத்துவரிடம் காட்டவும்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

ஒரு நிமிட மௌனம்கூட அன்றைக்குத் தேவைப்படவில்லை. முதலில் நின்ற தம்பி, “இதயம் பெருசு மேடம்” என்றார். மேடம் “அப்புறம்?” என்றார். “நுரையீரல் அடியில நீர் கோத்த மாதிரி இருக்கு மேடம்.” “அப்புறம்?” ஐந்து பேர் அதையே ஐந்து விதமாகச் சொன்னார்கள். எல்லோருடைய கண்ணும் சிவப்புக் கட்டத்திலேயே இருந்தது.

கடைசியில் நின்றவள் சைத்ரா. ராயக்கோட்டை ரோட்டில் இருந்து வருகிறவள். சானமாவுக் காட்டில் யானை ரோட்டைத் தாண்டுகிறது, பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள் என்று வாரம் ஒருமுறை தாமதமாக வருவாள். வீட்டில் கன்னடம் பேசுகிறவள், வகுப்பில் அதிகம் பேசமாட்டாள். அவள் கட்டத்தை விட்டுவிட்டு மேலிருந்து விரலால் காற்றில் எண்ணிக்கொண்டு வந்தாள். “மேடம், ஏழுதான் இருக்கு. இவங்க மூச்சப் பிடிக்கல.”

மேடம் என் பக்கம் திரும்பினார். “சண்முகம், பிடிக்கச் சொன்னீங்களா?”

எனக்கு முகம் சூடாகிவிட்டது. இத்தனை வருடம் இதே வேலை செய்தவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது. “சொன்னேனுங்க மேடம். நல்லா கேக்கற மாதிரிதான் சொன்னேன். அந்தப் பொண்ணு பிடிக்கலன்னா நான் என்ன பண்றது” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று.

மேடம் கோபப்படவில்லை. “ஆள் இன்னும் இருக்காங்களா? போய் விசாரிக்கலாம்” என்று எழுந்தார். ஆறு மாணவர்களும் பின்னால் வர, வராண்டாவுக்குப் போனோம்.

மஞ்சுளா பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கையில் அந்தக் காகிதம். தளிப் பக்கம் ஒரு கிராமம். அம்மாவோடு ரோஜா வளர்க்கும் பாலி ஹவுஸ் கூடாரத்தில் கூலிக்குப் பூப் பறிக்கிறவள், விரலெல்லாம் முள் கிழித்த கோடு. திங்கட்கிழமை கம்பெனியில் சேர வேண்டும். இந்த வெள்ளிக்கிழமை மாலைக்குள் தகுதிச் சான்றிதழ் போகாவிட்டால் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். இதய மருத்துவரிடம் காட்டிவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இத்தனை வெள்ளைக் கோட்டை ஒன்றாகப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். “சார், எனக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்ல சார். பூக்கூட தூக்கினு மேட்டுல ஏறுவேன் சார்” என்று என்னிடம்தான் கெஞ்சினாள். அந்த நேரத்திலும் என் கோபம் ஆறவில்லை. “உள்ள போறப்ப தமிழ் தெரியுமான்னு கேட்டனே, தெரியும்னுதானே சொன்ன? சொன்னபடி ஏன் செய்யல?” என்று அதட்டினேன். அவள் கண் நிறைந்துவிட்டது.

சைத்ரா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “ஒளகே ஏன் ஹேளித்ரு?” என்று கேட்டாள். உள்ளே என்ன சொன்னார்கள் என்று.

மஞ்சுளா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கன்னடத்தில் சொன்னாள்: “இழு அந்த்ரு, எள்கொண்டே. பிடி அந்த்ரு, பிட்டே.”

நான் வெற்றி பெற்றவன் போல மேடத்தைப் பார்த்தேன். “பாருங்க மேடம், நான் ‘பிடி’ன்னு சொன்னத அந்தப் பொண்ணே ஒத்துக்குது!”

சைத்ரா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “அண்ணா… கன்னடத்துல ‘பிடி’ன்னா ‘விடுங்க’ன்னு அர்த்தம்ணா. ‘இழு’ன்னதும் இழுத்தாங்க, ‘பிடி’ன்னதும் விடச் சொன்னீங்கன்னு நெனச்சி விட்டுட்டாங்க.”

எனக்குத் தெரியாத வார்த்தையா அது? ஓசூர் மார்க்கெட்டில் பேரம் படியாவிட்டால் “ஹோக்லி பிடி சார்” என்று தினமும் காதில் விழுகிற வார்த்தை. போகட்டும் விடுங்க சார் என்று அர்த்தம். முன்பு ‘புடி’ என்று கத்தியபோது யாருக்கும் குழப்பம் இல்லை. தமிழன் வாயில் அதைத்தான் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். அழகாக ‘பிடிங்க’ என்று பேசப் போய், ஒலிபெருக்கியில் ‘பி’ மழுங்கி, அவசரத்தில் பட்டனை விட்டதில் ‘ங்க’ அறுந்துபோய், சுத்தமான கன்னடத்தில் விடச் சொல்லியிருக்கிறேன். அவள் சொன்னபடியே செய்திருக்கிறாள். அவளைத்தான் அதட்டியிருக்கிறேன். வெட்கத்தில் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

மேடம்தான் முதலில் பேசினார். “‘புடி’ன்னு சொல்லாதீங்கன்னு சொன்னது நான்தானே சண்முகம்?”

“ஆமாங்க மேடம்.”

அவர் மஞ்சுளாவின் தோளில் கை வைத்தார். “தப்பு உன் நெஞ்சுல இல்லம்மா. எங்க வாயில. வா, இன்னொரு படம் எடுப்போம்.”

இந்த முறை நானே கன்னடத்தில் சொல்வேன் என்று பிடிவாதம் பிடித்தேன். சைத்ரா சொல்லிக் கொடுத்தாள். இழுப்பதற்கு ‘உசிரு எள்கொள்ளி’, பிடிப்பதற்கு ‘ஹிட்கொள்ளி’. மஞ்சுளாவை நிற்க வைத்தேன். மோவாயைத் தூக்கி, கையை இடுப்பில் வைத்து, தோளை முன்னால் தள்ளி, ஜடையை உச்சியில் முடிந்து, எல்லாம் சரி. கண்ணாடிக்குப் பின்னால் போய் மைக்கைப் பிடித்து, “உசிரு எள்கொள்ளி… இட்கொள்ளி!” என்றேன். எனக்கு ‘ஹி’ வரவில்லை. அவ்வளவு அழுத பெண், பலகையில் மோவாயை வைத்தபடி குலுங்கிச் சிரித்துவிட்டாள். மாணவர்களும் சிரித்தார்கள். நல்ல வேளை, கதிர்ப் பட்டனை நான் தொடவில்லை. அவள் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்து, பழைய வழக்கப்படி கண்ணாடி வழியே நெஞ்சைப் பார்த்துக்கொண்டு திரும்பவும் சொன்னேன். நெஞ்சு தூக்கி நின்றது. அழுத்தினேன்.

திரையில் படம் விழுந்தது. ஆறு பேரும் சத்தமாக எண்ணினார்கள். பத்து. இதயம் ஒடுங்கி அடக்கமாக இருந்தது. கம்ப்யூட்டர் கட்டமே போடவில்லை. மேடம் காலை அறிக்கையின் குறுக்கே கோடு போட்டு, காரணத்தையும் தன் கைப்பட எழுதினார்: ‘முதல் படம் மூச்சை விட்ட நிலையில் எடுக்கப்பட்டது. தவறு எங்களுடையது. இவர் தகுதியானவர்.’ கையெழுத்துப் போட்டு, ஒரு மாணவரின் வண்டியில் சைத்ராவோடு சேர்த்து மஞ்சுளாவைக் கம்பெனிக்கே அனுப்பிவைத்தார். திங்கட்கிழமை அவள் சேர்ந்துவிட்டாள்.

அவளோடு முடிகிற விஷயம் இல்லையே அது. மைக் வந்த நாளிலிருந்து நான் எடுத்த படங்களையெல்லாம் மாணவர்களோடு உட்கார்ந்து எண்ணினோம். ஏழு, ஏழு, எட்டு என்று வந்துகொண்டே இருந்தது. தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று எல்லாம் கன்னடம் பேசும் ஊர்கள். ஒவ்வொருவரையும் போனில் அழைத்து, ‘எங்கள் தவறு, திரும்ப வாருங்கள்’ என்று சொல்லும்போது நாக்கு கசந்தது. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஒரே ஒரு பெரியவருக்கு மட்டும் மூச்சைப் பிடித்த படத்திலும் இதயம் பெரிதாகவே இருந்தது. அவருக்கு உடனே வைத்தியம் ஆரம்பித்தோம். இன்றைக்கும் நடமாடிக்கொண்டிருக்கிறார். அதனால் கம்ப்யூட்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது தனக்குக் காட்டிய படத்தை ஒழுங்காகத்தான் பார்த்தது. அந்தப் படத்துக்குள் என் வார்த்தை இருந்தது அதற்குத் தெரியாது, பாவம்.

அதற்குப் பிறகு மேடம் வகுப்பையே மாற்றினார். முதல் நாள் எந்தப் படமும் கிடையாது. மெஷினை அணைத்துவிட்டு, மாணவர்களை ஒவ்வொருவராக நோயாளி நிற்கும் இடத்தில் நிற்க வைப்பார். அவர்களுக்குத் தெரியாத மொழியில் இன்னொருவர் மூச்சை இழுக்கச் சொல்ல வேண்டும். தெலுங்கு, மலையாளம், இந்தி, ஒடியா, யாருக்கு எது வருமோ அது. வருங்கால டாக்டர்கள் திருதிருவென்று விழித்து, பிடிக்க வேண்டிய இடத்தில் விட்டு, விட வேண்டிய இடத்தில் இருமுவார்கள். ஒருவர் விடாமல் சிரிப்பார்கள். பிறகு படத்தின் முன் நிற்கும்போது ஒருவர்கூட எண்ணாமல் வாயைத் திறந்ததில்லை. என் அட்டையைக் கிழித்துவிட்டு, மொழி மொழியாகப் புது அட்டை எழுதியவள் சைத்ரா. மறு வருடம் கம்பெனி வேனில் பரிசோதனைக்கு வந்த மஞ்சுளா, கழுத்தில் அடையாள அட்டையோடு இறங்கி, “சார், இன்னொரு தடவ ‘இட்கொள்ளி’ சொல்லுங்க சார்” என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனாள்.

இதுவரை எழுதி வைத்திருந்தேன். போன வாரம் ஒன்று நடந்தது. எனக்குக் குடலிறக்க ஆபரேஷன். மகள் பெங்களூரில் இருப்பதால் அங்கேயே ஏற்பாடு. அதற்கு முன்னால் நெஞ்சுப்படம். அங்கே டெக்னீஷியன் இளைஞர். “கன்னட பருத்தா?” என்று கேட்டார். கன்னடம் வருமா என்று. “பருத்தே” என்றேன் கெத்தாக. “எள்கொள்ளி” என்றார், இழுத்தேன். “ஹிட்கொள்ளி” என்றார், பிடித்தேன். படம் எடுத்தாயிற்று. “பிடி” என்றார். இன்னும் இறுக்கிப் பிடித்தேன். “பிடி சார், பிடி!” என்று கத்தினார். நானும் விடாமல் பிடித்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவர் பயந்துபோய் ஓடிவந்து தோளைத் தட்டிய பிறகுதான் விட்டேன். இந்த ஒரு வார்த்தைக்காக இத்தனை பேரிடம் மன்னிப்புக் கேட்டவன் நான். தெரியும் என்று அன்றைக்கு மஞ்சுளா சொன்னது பொய் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. காதுக்குத் தெரிந்திருந்தாலும் நெஞ்சு அதன் சொந்த மொழியைத்தான் கேட்கிறது.

மூச்சு வாங்க நின்ற என்னிடம் அந்த இளைஞர் ஒரு கேள்வி கேட்டார். மஞ்சுளாவை அதட்டுவதற்குப் பதில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

“சார், தமிழல்லி ‘ஹிட்கொள்ளி’கே ஏன் அந்தாரே?” தமிழில் அதற்கு என்ன சொல்வார்கள் என்று.

“பிடி.”

அவர் நெற்றியைச் சுருக்கினார். “மத்தே ‘பிடி’கே?” அப்போ ‘பிடி’க்கு என்று.

“விடு.”

‘பிடி’, ‘விடு’ என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே பிளாஸ்திரியில் ஒரு துண்டு கிழித்து, அந்த இரண்டு தமிழ் வார்த்தையையும் கன்னட எழுத்தில் எழுதி மைக்குக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார்.

குழுவில் கேள்வி கேட்ட தம்பிக்கு அன்று மாலை என் படத்தை அனுப்பினேன். பெயரை மறைத்துவிட்டு, கீழே ஒன்றும் எழுதாமல். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது.

“பத்து இருக்குண்ணா. யாருண்ணா எடுத்தது? நல்லா மூச்சப் புடிக்க வெச்சிருக்காரு.”